ரைஃபிளைப் படிக்க எங்கே தொடங்குவது?

வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

ரைஃபிளின் இயக்கம், பராமரிப்பு, அவற்றைப் படிக்க உதவும் நூல்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒரே இடத்தில் தந்திருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: குறி பார்த்துச் சுடும் கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நிற்கவும் மூச்சடக்கவும் சொல்லித் தருகிறார்கள். ரைஃபிளுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. புத்தகக் கடையில் பார்த்தால் எல்லாம் தடித்த ஆங்கிலப் புத்தகங்கள், விலையும் அதிகம். எதை வாங்கலாம்?
— செந்தூல் வாசகர்

இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், தம்பி. உங்கள் கையில் கிளப் கொடுக்கும் ரைஃபிளின் கையேடுதான் முதல் நூல். பேரலிலோ (குண்டு செல்லும் குழல்) ரிசீவரிலோ (பேரல் பொருந்தியிருக்கும் உடற்பகுதி) பொறித்திருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்ஷுட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டைர் போன்ற தயாரிப்பாளர்கள் கையேடுகளைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் டிரிகர் மாறியிருக்கலாம் என்பதால் மாடல் குடும்பத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உறுப்புகளைப் பிரித்துப் பரப்பிய படம் ஒன்று இருக்கும். அதை ஏ3 தாளில் பெரிதாக்கி அச்செடுங்கள். சுவரில் ஒட்டி வைக்கிற படம் அதுதான்.

படத்தை எப்படி வாசிப்பது? அமெரிக்க ராணுவப் பயிற்சி நூல்கள் எந்த ரைஃபிளின் வேலையையும் எட்டுப் படிகளாகப் பிரிக்கும். தோட்டாவை ஊட்டுதல், பேரலின் பின்முனையிலுள்ள அறைக்குள் ஏற்றுதல், பூட்டுதல், சுடுதல், பூட்டைத் திறத்தல், சுட்டபின் மிஞ்சும் வெற்றுக் கூட்டை அறையிலிருந்து இழுத்தல், அதை வெளியே எறிதல், அடுத்த சுடலுக்காகத் தோட்டாவைத் தட்டும் ஊசியை இழுத்து நிறுத்துதல். இந்த எட்டையும் ஒரு தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, படத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் எந்தப் படியில் வேலை செய்கிறது என்று எண் போட்டு வாருங்கள். எந்தப் படியிலும் சேராமல் ஒரு சின்னக் கம்பி மிஞ்சினால், அது பாதுகாப்புப் பூட்டின் பகுதியாகவோ, மற்றொன்றைக் கழன்று விழாமல் பிடித்து வைப்பதாகவோ இருக்கும். ஒரு ரைஃபிளுக்கு இப்படிச் செய்து முடித்தால் இரண்டாவது ரைஃபிளுக்குப் பாதி நேரம்கூட ஆகாது.

இரண்டு பழைய ரைஃபிள்களை ஒப்பிட்டால் இதன் பயன் தெரியும். 1898-இல் வந்த மவுசரில் போல்ட்டின் (அறையைத் திறந்து மூடும் உருளை) கைப்பிடியைத் தூக்கும்போதே ஊசி பின்னுக்கு இழுபட்டு நின்றுவிடும். லீ என்ஃபீல்டிலோ போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போதுதான் நிற்கும். அதாவது எட்டாம் படி ஒன்றில் திறக்கும்போதும் மற்றொன்றில் மூடும்போதும் நடக்கிறது. மவுசரைத் திறப்பதுதான் கனம். லீ என்ஃபீல்டு லேசாகத் திறந்துகொள்ளும், பாரமெல்லாம் கடைசித் தள்ளலில்தான். பூட்டும் இடமும் வேறு. மவுசரில் பூட்டுக் காதுகள் (போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகள்) போல்ட்டின் முன்தலையில் இருக்கின்றன, லீ என்ஃபீல்டில் பின்புறம். முன்னால் பூட்டினால் பிடி இறுக்கம். பின்னால் பூட்டினால் போல்ட் நகரும் தூரம் குறைவு, கை வேகமாக ஓடும். ‘எது சிறந்தது’ என்று சண்டை போடுகிறவர்களில் பலர் இந்தக் கணக்கைப் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் பழகிய பிறகு தடித்த நூல்களுக்குப் போகலாம். 1947-இல் வெளிவந்த ஹேட்சரின் குறிப்பேடு, அமெரிக்கப் படைக்கலத் துறை ஜெனரல் ஒருவர் எழுதியது. பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களின் ரிசீவர் எஃகு ஏன் உடைந்தது என்பதை அதில் விசாரணை அறிக்கை போலவே வாசிக்கலாம். காற்று ரைஃபிள் என்றால் கார்டியூக்கள் இருவர் எழுதிய ‘தி ஏர்கன் ஃப்ரம் டிரிகர் டு மஸில்’. ஸ்பிரிங் ரைஃபிளை (ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் வகை) நைட்ரஜன் நிரப்பிய சூழலில் சுட்டு, வேகம் குறைவதைக் காட்டி, உள்ளே எண்ணெயும் கொஞ்சம் எரிகிறது என்று நிறுவியவர்கள் அவர்கள். இரண்டையும் நூலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குவதே மேல்.

ஒரு தடுமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஆங்கில நூல்கள் அளவை அங்குலத்தின் ஆயிரத்தில் சொல்லும், ஐரோப்பிய நூல்கள் மில்லிமீட்டரில். இது போதாதென்று பேரலின் விட்டத்தைச் சிலர் உள்ளே சுருளாக வெட்டிய புரிகளின் மேட்டிலிருந்து மேட்டுக்கும் சிலர் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கும் அளப்பார்கள். அழுத்தத்திலும் இதே கதை. தாமிர உருளையை நசுக்கி அளந்த பழைய எண்ணும், மின்னணு உணரி தந்த புதிய எண்ணும் ஒரே அலகு போலத் தோன்றும், ஆனால் ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. சந்தேகம் வந்தால் ஐரோப்பாவின் சி.ஐ.பி. (CIP), அமெரிக்காவின் சாமி (SAAMI) ஆகிய இரு தோட்டா அளவுத் தர அமைப்புகளும் இலவசமாக வெளியிடும் அளவு வரைபடங்களைப் பாருங்கள். தோட்டாவும் அறையும் எந்த இடத்தில் அளக்கப்படுகின்றன என்று கோடு போட்டே காட்டியிருப்பார்கள்.

கேள்வி: தேசிய நூலகத்தில் இவை எந்த அலமாரியில் இருக்கும்? மலாயில் தேட என்ன சொல் போடுவது?
— பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

நூலகங்கள் நூல்களை வகைப்படுத்தும் டியூயி எண் பழக்கமென்றால் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். 683.4 என்பது துப்பாக்கித் தொழில், பழுது, உறுப்புகள். 623.442 ராணுவக் கைத்துப்பாக்கிகளும் ரைஃபிள்களும். 799.31 குறி பார்த்துச் சுடும் விளையாட்டு. ஒரே ரைஃபிளைப் பற்றிய மூன்று நூல்கள் மூன்று தளங்களில் கிடக்கக் காரணம் இதுதான். ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியப் பதிப்புகள் வந்து சேர வேண்டும். ஆகவே உள்நாட்டு வெளியீடு எதுவானாலும் முதலில் அங்கே கேளுங்கள். பல்கலைக்கழக நூலகங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றும். அங்கே டிஎஸ் (TS) 532 முதல் 537 வரையும், யுடி (UD) 380-ஐ ஒட்டியும் பாருங்கள். பினாங்கு வாசகர்கள் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) நூலகத்துக்குப் போவதானால் வெளியார் நுழைவு விதியைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

மலாய்ச் சொற்கள்: செனாப்பாங், செனாப்பாங் அங்கின், லாராஸ், பிச்சு, போப்போர், பெலுரு. முறையே துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கி, குழல், விசை, பின்கட்டை, குண்டு. செனாப்பாங் என்பது டச்சுக்காரர்களின் ‘ஸ்னாப்ஹான்’ மலாயாகி வந்தது, பெலுரு போர்ச்சுக்கீசியம். நம் துப்பாக்கியும் வடக்கே துருக்கிய வழியாக வந்த சொல்தான் என்பதால், யாரும் யாரையும் கேலி செய்ய இடமில்லை.

கேள்வி: இணையக் காப்பகங்களில் அமெரிக்க ராணுவக் கையேடுகள் ஏராளமாகக் கிடக்கின்றன. ஒரே ரைஃபிளுக்கு ஐந்தாறு இருக்கிறது. எதை நம்பிப் படிப்பது? பழையதைப் படித்தால் தவறாகிவிடுமா?
— பட்டர்வொர்த் வாசகர்

அட்டையில் உள்ள எண்ணிலேயே விடை இருக்கிறது, ஐயா. எடுத்துக்காட்டுக்கு டிஎம் 9-1005-319-10 என்ற கையேட்டை எடுத்துக்கொள்வோம். டிஎம் என்றால் தொழில்நுட்பக் கையேடு. 9 என்பது படைக்கலப் பிரிவு. 1005 என்பது 30 மில்லிமீட்டர் வரையிலான துப்பாக்கிகளுக்கான வழங்கல் வகை எண். 319 அந்தக் குறிப்பிட்ட ஆயுதத்துக்கு, இங்கே எம்16ஏ2, எம்4 குடும்பத்துக்கு, உரிய எண். கடைசியில் வரும் 10-தான் உங்களுக்கு முக்கியம். அது யாருக்காக எழுதப்பட்டது என்பதைச் சொல்கிறது.

10 என்று முடிந்தால் அதைச் சுமக்கும் சிப்பாய்க்கு. கழற்றுவது, துடைப்பது, எண்ணெய் போடுவது, சிக்கினால் விடுவிப்பது வரைக்கும்தான். 20 என்றால் படைப்பிரிவின் பழுதுபார்ப்பவருக்கு. 30, 40 என்று ஏற ஏறப் பட்டறை வேலை. 23 என்று இருந்தால் இரண்டாம், மூன்றாம் நிலைகள் சேர்ந்தது. பின்னால் பி என்ற எழுத்து ஒட்டியிருந்தால் உதிரிபாகப் பட்டியலும் உண்டு. இயக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் 10-ஐயும், பி ஒட்டிய ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாவதில் சொல், இரண்டாவதில் படம். 10-இல் ‘இதற்கு மேல் பிரிக்காதே’ என்று எழுதியிருக்கும் இடத்தில், ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதற்கான விடை பெரும்பாலும் 23-இன் அளவீட்டுப் பகுதியில் கிடக்கும். அதைத் தேடிப் பிடிப்பதே ஒரு படிப்பு.

தேதியையும் பாருங்கள். கையேட்டுக்குப் பின்னால் ‘மாற்றம் 1’, ‘மாற்றம் 2’ என்று தனித்தாள்கள் வெளியாகியிருக்கும். பழைய கையேடு இயக்கத்தைப் படிக்கக் குறைவில்லாதது. எண்ணெய், கரைப்பான், முறுக்கு அளவு ஆகியவற்றுக்கு மட்டும் அதை நம்பக் கூடாது.

இதற்கு எம்16-ஐவிட நல்ல சாட்சி கிடையாது. 1960-களின் நடுவில் வியட்நாமுக்குப் போன முதல் எம்16-களில் வெற்றுக் கூடு அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. ‘தானே சுத்தமாகிக்கொள்ளும் துப்பாக்கி’ என்ற பேச்சு பரவியிருந்ததால் சுத்தம் செய்யும் கருவிகள்கூட எல்லார் கைக்கும் போய்ச் சேரவில்லை. வெடிமருந்தின் வகை மாறியிருந்தது, கரி கூடுதலாகப் படிந்தது. அறைக்குக் குரோமியம் பூச்சு கிடையாது, ஈர நாட்டில் அது அரித்துச் சொரசொரப்பானது. பிறகு குரோமியம் பூசினார்கள், துடைக்கும் கருவிகளை விநியோகித்தார்கள். 1968-இல் வில் ஐஸ்னர் வரைந்த சித்திரக்கதை வடிவக் கையேடு ஒன்றையும் ராணுவமே அச்சிட்டுக் கொடுத்தது. பார்க்கக் கேலிச்சித்திரம். ஆனால் அறையை எந்தத் தூரிகையால், போல்ட்டை எந்த வரிசையில், எண்ணெய் எத்தனை துளி என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன ராணுவ நூல் குறைவு. இணையத்தில் தேடினால் கிடைக்கும். எரிவாயு திரும்பி வந்து போல்ட்டை நகர்த்தும் ஏற்பாட்டை மூலத்திலேயே பார்க்க விரும்பினால் எம்16-இன் மூல வடிவமைப்பாளர் யூஜின் ஸ்டோனரின் அமெரிக்கக் காப்புரிமை, எண் 2951424, 1960.

காப்புரிமைகளை யாரும் பரிந்துரைப்பதில்லை, எங்களுக்கு அது வியப்புதான். ஒவ்வோர் உறுப்புக்கும் எண் போட்டு, அது என்ன செய்கிறது என்று வரிக்கு வரி எழுதிய விளக்கம் வேறெங்கே இலவசமாகக் கிடைக்கும்? சர்வதேச வகைப்பாட்டில் எஃப்41ஏ 3 என்றால் பூட்டும் அமைப்புகள், 19 என்றால் டிரிகர் அமைப்புகள், 29 என்றால் சுத்தமும் எண்ணெயும். காற்றுத் துப்பாக்கிகள் எஃப்41பி 11. ஒரு எச்சரிக்கை மட்டும்: காப்புரிமையில் உள்ளதெல்லாம் அப்படியே தயாரிப்புக்குப் போவதில்லை.

கேள்வி: என் மகள் பத்து மீட்டர் காற்று ரைஃபிள் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். ரைஃபிள் கிளப்புடையது. அதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள அவளுக்கும் எனக்கும் எது தெரிந்திருக்க வேண்டும்? கோலாலம்பூர் ஈரத்தில் எதைத் தொட்டாலும் துரு.
— பங்சார் வாசகி

முதலில் ரைஃபிளில் அழுத்திய காற்றை அடைத்துவைக்கும் உருளையின் தேதியைப் பாருங்கள், அம்மா. உருளையின் மேலேயே பொறித்திருக்கும். சர்வதேசச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி அது தயாரிப்பாளர் குறித்த காலத்துக்குள், அதிகபட்சம் 10 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், அதற்கான பொறுப்பும் சுடுபவருடையது. போட்டி நாளில் ரைஃபிள் நன்றாகச் சுடுகிறது என்பதால் மட்டும் யாரும் விட்டுவிட மாட்டார்கள். அந்த விதிநூலே உங்களுக்கு நல்ல குறிப்புநூல். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எடை 5.5 கிலோவுக்கு மேற்படக் கூடாது, குண்டு 4.5 மில்லிமீட்டர், குழலில் (தோட்டா இல்லை என்று காட்டும்) பாதுகாப்புக் கொடி செருகியிருக்க வேண்டும், அதுவும் காற்று ரைஃபிளென்றால் குழலின் முழு நீளத்துக்கு. ‘கொடி இருக்கிறதே’ என்று குட்டையான ஒன்றைச் செருகிவிட்டு வருவதும் உண்டு.

இனி உள்ளே நடப்பது. உருளையில் பொதுவாக 200 பார் அழுத்தம். ரெகுலேட்டர் அதைக் குறைத்து ஒரு சிறிய அறையில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக நிறுத்தும். டிரிகர் விடுத்தால் சிறு சுத்தியல் வால்வைத் தட்டும், காற்று குண்டைத் தள்ளும். குண்டின் எடை அரை கிராமுக்குச் சற்றே மேல், இலக்கில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். ரெகுலேட்டர் தடுமாறினால் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறும். பக்கவாட்டில் சிதறினால் பெரும்பாலும் சுடுபவரையோ திருகையோ சந்தேகியுங்கள்.

திருகு என்றதும் சொல்ல வேண்டியது. பேரலும் ரிசீவரும் கட்டையோடு இணையும் திருகுகளைக் கண்மதிப்பில் முறுக்கவே கூடாது. போட்டி ரைஃபிள்களில் பலவற்றுக்கு 5, 6 நியூட்டன் மீட்டர் அளவில் கேட்பார்கள், உங்கள் மாடலின் சரியான எண் கையேட்டில் இருக்கும். முறுக்களவு காட்டும் ஸ்பேனரால் முறுக்கிவிட்டு, திருகின் தலையிலிருந்து ரிசீவர் வரை நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவையுங்கள். அடுத்த முறை கோடு உடைந்திருந்தால் திருகு அசைந்திருக்கிறது. ஸ்பேனரைத் தொடாமலே தெரிந்துவிடும்.

காற்று எங்கிருந்து வருகிறது என்பது நம் ஊரில் பெரிய விஷயம். கையால் அடிக்கும் பம்ப் நம்முடைய ஈரக் காற்றையே உள்ளே திணிக்கும். அழுத்தும்போது ஈரம் நீராகப் பிரிந்து ரெகுலேட்டர்வரை போகும். முக்குளிப்போர் காற்று நிரப்பும் கடைகளில் உலர்த்தி வடிகட்டிய காற்று கிடைக்கும், அதையே பெரிய சிலிண்டரில் வாங்கி மாற்றுவது மேல். மாற்றும்போது வால்வை மெல்லத் திறங்கள். சடாரென்று திறந்தால் அழுத்தம் ஏறுகிற வேகத்தில் உருளை சூடாகும், ஆறியதும் அளவுமானி கீழே இறங்கி நிற்கும், ஓ வளையமும் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கிழியலாம். ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் இணைக்கக் கூடாது. ஓ வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே. பெட்ரோலிய எண்ணெய் அதிக அழுத்தத்தில் பற்றக்கூடியது. கசிவைச் சந்தேகித்தால் சோப்பு நீர் ஒரு துளி இணைப்பில் வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் அங்கேதான். காற்று இருக்கும்போது எதையும் கழற்றப் பார்க்காதீர்கள். அது கிளப்பின் ஆயுதப் பழுதுபார்ப்பாளர் வேலை.

குழலை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டாம். ரைஃபிள்களைச் சுட்டுக் கெடுத்தவர்களைவிடத் துடைத்துக் கெடுத்தவர்கள் அதிகம். சுத்தம் செய்யும்போது நனைத்த ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) குண்டு இரண்டு மூன்றை முதலிலும், உலர்ந்தவற்றைப் பின்னரும் பின்புறத்திலிருந்து முன்னே செலுத்தினால் போதும். பழைய ஸ்பிரிங் ரைஃபிளில் மட்டும் ஃபெல்ட்டைத் தனியே சுடக் கூடாது. அது எடையே இல்லாதது போல வெளியேறிவிடும், முன்னே பாய்ந்து வரும் பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இருக்காது, உலோகத்தில் உலோகம் மோதும். கம்பியில் கோத்துத் தள்ளுங்கள்.

துரு. கோலாலம்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுதும் சராசரி 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். எஃகுக்கு 60 தாண்டினாலே ஆகாது. கேமரா வைக்கும் உலர்பெட்டி போன்ற அலமாரியில் 40 முதல் 50-க்குள் வைத்தால் மரக்கட்டையும் வெடிக்காது, எஃகும் அரிக்காது. சிலிக்கா ஜெல்லை நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வறுத்தால் திரும்பவும் வேலை செய்யும். ஆனால் அலமாரிக்குப் பயன்படுத்தும், தண்ணீர் சேர்ந்து நிரம்புகிற அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை ரைஃபிள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் உள்ளது கால்சியம் குளோரைடு. கவிழ்ந்தால் கொட்டுவது உப்புநீர், ஒரே இரவில் எஃகை அரித்துவிடும். ஸ்பான்ஜ் பெட்டியில் பூட்டி மாதக்கணக்கில் வைப்பதும் அப்படியே, ஸ்பான்ஜ் ஈரத்தைக் குடித்துக்கொண்டு விடாது. பயிற்சி முடிந்ததும், மகள் கன்னம் வைத்த இடத்தையும் கை தொட்ட உலோகத்தையும் உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்ட இன்னொரு துணியால் ஒரு முறை தடவட்டும். எண்ணெய் தெரியக் கூடாது, விரல் வைத்தால் மட்டும் உணர வேண்டும்.

கேள்வி: எங்கள் கிளப்பில் .22 அங்குல ரைஃபிள். வெற்றுக் கூடு சில நேரம் வெளியே வருவதில்லை. எண்ணெயைக் கூடுதலாகப் போட்டும் சரியாகவில்லை.
— பாயான் லெப்பாஸ் வாசகர்

எண்ணெயே அதைக் கெடுத்திருக்கும். .22 குண்டின் மேல் மெழுகு போன்ற பூச்சு உண்டு. மெழுகும் கரியும் சேர்ந்து போல்ட் முகத்தில், கூட்டைக் கவ்வும் கொக்கியின் அடியில் பசையாகக் கட்டும். எண்ணெய் ஊற்றினால் அந்தப் பசை இன்னும் கெட்டிப்படும். போல்ட்டைக் கழற்றி, கொக்கியின் கீழ் மூங்கில் பல்குத்தியால் நெருடி எடுங்கள். ஊசியோ கத்தியோ வேண்டாம். அடுத்து அறையின் முன்விளிம்பு, புரிகள் தொடங்கும் இடம். அங்கே கரி ஒரு வளையம் போலக் கெட்டியாகும். அதை எடுக்க: போல்ட் எடுத்த இடத்தில் கம்பியை நேராகச் செலுத்தும் வழிகாட்டிக் குழாயைப் பொருத்தி, கரைப்பான் நனைத்த துணித்துண்டு ஒன்றைச் செலுத்திப் பத்து நிமிடம் ஊறவிட்டு, வெண்கலத் தூரிகையை ஐந்தாறு முறை ஓட்டி, உலர்ந்த துண்டுகள் சுத்தமாக வரும்வரை தள்ளுங்கள். எப்போதும் பின்புறத்திலிருந்து முன்புறமாக. முன்வாய் விளிம்பில் கம்பி ஒரு பக்கம் உரசித் தேய்ந்துவிட்டால் குண்டு வெளியேறும்போது பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கமும் சமமாக வெளியேறாது, அதை எந்த எண்ணெயாலும் சரி செய்ய முடியாது. முடித்த பிறகு ஐந்து பத்து குண்டு சுட்டால்தான் குழல் பழைய குணத்துக்கு வரும் என்பதால் போட்டி அன்று காலையில் சுத்தம் செய்யாதீர்கள். பழைய .22-களில் வெறுமனே டிரிகர் தட்டிப் பழகுவதும் வேண்டாம். விளிம்பில் தட்ட வேண்டிய ஊசி, தோட்டா இல்லாதபோது அறையின் ஓரத்தைத் தட்டிப் பள்ளம் போடும். அந்தப் பள்ளமும் கூட்டைப் பிடித்து நிறுத்தும்.

கேள்வி: மலாயா அவசரகாலத்தில் சிறப்புக் காவலராக இருந்த என் தாத்தா வைத்திருந்த பயிற்சிக் குறிப்பில், சுட்ட பிறகு குழலில் கொதிநீர் ஊற்றச் சொல்லியிருக்கிறது. தண்ணீர் பட்டால் துருப்பிடிக்காதா? அச்சுப் பிழையா?
— ஜார்ஜ் டவுன் வாசகர்

பிழையில்லை. அந்தக் கால .303 தோட்டாவின் தீமூட்டியில் (ஊசி தட்டியதும் தீப்பற்றும் சிறு பகுதி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் குழலில் பொட்டாசியம் குளோரைடு படியும். சாப்பாட்டு உப்பின் உடன்பிறப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி அரிக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பை மூடிப் பத்திரப்படுத்தியதாகிவிடும். கொதிநீருக்கு இரண்டு பயன்: உப்பைக் கரைக்கும், குழலைச் சூடாக்கித் தானே உலரவும் வைக்கும். அதற்கென்றே நீண்ட மூக்குள்ள புனல் இருந்தது, பின்புறத்திலிருந்து ஊற்றுவார்கள். பிறகு துணி, அதன் பிறகு எண்ணெய், அடுத்த சில நாள் திரும்பத் திரும்பப் பார்ப்பது. இன்றைய தீமூட்டிகள் பெரும்பாலும் உப்பு விடாதவை, ஆகவே இந்தச் சடங்கு தேவையில்லை.

அதே குறிப்பில் ‘நாலுக்கு ரெண்டு’ என்று இருந்தால் அது துணியின் அளவு, அங்குலத்தில். கயிற்றின் ஒரு முனையில் பித்தளை எடை, மறுமுனையில் மூன்று கண்ணி. எடைக்கு அருகிலுள்ள முதல் கண்ணி கம்பி வலைக்கு, நடுவிலது துணிக்கு, கடைசியிலது கயிறு சிக்கிக்கொண்டால் இழுத்து எடுக்க. நேராக இழுக்கச் சொல்லியிருப்பார்கள், சாய்த்து இழுத்தால் கயிறே முன்வாய் விளிம்பை அரித்துப் பள்ளமாக்கும். பல பழைய லீ என்ஃபீல்டுகளின் குறி தவறியது அதனால்தான். குறிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள், அல்லது ஒரு நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரித் திட்டத்துக்காக ரைஃபிள் போல்ட் ஒன்றை முப்பரிமாண அச்சில் செய்து காட்ட நினைக்கிறேன். இணையத்தில் மலிவாக டிரிகர் உறுப்புகளும் விற்கிறார்கள். வாங்கலாமா?
— செத்தாபாக் வாசகர்

இரண்டும் வேண்டாம், தம்பி. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே எண்ணுகிறது. அதன் உறுப்புகளும் சட்டத்துக்குள்தான் வரும், போலித் துப்பாக்கிக்கும் அதில் தடை உண்டு. லைசென்ஸ் இல்லாமல் செய்வதும் பழுது பார்ப்பதும் குற்றம். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையான தண்டனைகளைச் சேர்த்தது. பேராசிரியர் கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது.

உங்களுக்கு வேண்டியது போல்ட்டின் சாய்வுப் பள்ளம் எப்படிச் சுழற்சியை நேர் நகர்வாக்குகிறது என்பதுதானே? காகிதச் சுருளில் அந்தப் பள்ளத்தை விரித்து வரையுங்கள். சுருளைப் பிரித்தால் அது வெறும் சாய்தளம், கோணத்தைக் கணக்கிடலாம், கைப்பிடி 90 பாகை சுழலும்போது எத்தனை மில்லிமீட்டர் நகரும் என்று வரைபடம் போடலாம். அசையும் படமாகக் கணினியில் செய்தால் இன்னும் நன்று. நிஜமான பொருளைப் பார்க்க ஜாலான் பெர்டானாவில் உள்ள காவல்துறை அருங்காட்சியகம் போய் வாருங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றபடி கைப்பிடி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, பூட்டுக் காதுகள் எங்கே என்று பென்சிலால் வரையுங்கள். புகைப்படம் எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: யூடியூபில் எல்லாம் இருக்கும்போது புத்தகம் எதற்கு?
— கிளாங் லாமா வாசகர்

காணொளியில் கை மறைக்கும் இடத்தில்தான் ஸ்பிரிங் பறந்து போகிறது. எந்தத் திருகு எந்த நீளம், எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பேசுகிறவர் சொன்னால் நம்புங்கள், சொல்லாவிட்டால் பார்த்து ரசித்துவிட்டு கையேட்டைத் திறங்கள்.